எட்டடி ஒழுங்கையும் எங்கள் ஜீப்பும்

சப்பான்காரனோடு நடந்த போர் முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளத்தார் மூட்டை கட்டியபோது, பலாலிப் பக்கத்தில் தங்களுக்கு வேண்டாத சாமான்களை ஏலத்தில் விட்டார்கள். ஊரில் சிலர் கூடாரத் துணி வாங்கினார்கள். சிலர் தகரப் பீப்பா வாங்கினார்கள். ஒருவர் சாக்கு நிறையக் கரண்டி வாங்கி வந்து, கையால் சாப்பிடுகிற வீட்டில் அதை என்ன செய்வதென்று தெரியாமல் கோடிப்புறத்தில் கொட்டி வைத்தார். என் கணவர் ஒரு ஜீப் வாங்கி வந்தார்.

அது நீர்வேலிச் சந்தியில் திரும்பியபோதே சத்தம் எங்கள் குசினிக்குக் கேட்டது. சப்பான்காரன் தவணை தப்பி இப்போதுதான் வந்து சேருகிறான் என்று நினைத்து நான் அடுப்பில் இருந்த பாலை இறக்கி வைத்தேன். வெளியே வந்து பார்த்தால் இவர் நிற்கிறார். முகமெல்லாம் புழுதி, வாயெல்லாம் பல்.

"நாலு சில்லும் சேந்து இழுக்கும், தெரியுமே?" என்றார்.

"எதை இழுக்கும்?" என்றேன்.

"எதையும் இழுக்கும்."

நியாயம் இல்லாமல் அவர் எதையும் செய்ததில்லை. செய்துவிட்டு நியாயம் தேடுவதில் கெட்டிக்காரர். எங்களுக்கு நீர்வேலியில் வாழைத்தோட்டம். கிழக்கே மணல் பக்கம் ஒரு தென்னங்காணி. அங்கே மாட்டு வண்டில் போனால் சில்லு அச்சுவரைக்கும் புதைந்து, மாடு படுத்துவிடும். நானோ கொக்குவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். ஆகவே சனிக்கிழமை மணலுக்கு, மற்ற நாட்களில் விடிய வாழைக்குலையை அச்சுவேலிச் சந்தைக்கு, அதைப் போட்டுவிட்டு வந்து என்னைக் கொக்குவிலுக்கு. குலைக்கும் அதே வாகனம், மனுசிக்கும் அதே வாகனம். இதில் குலைக்குத்தான் முதலிடம் என்பதை அவர் சொல்லவில்லை, எனக்கே விளங்கியது.

ஜீப்பின் ஓட்டுகிற வளையம் இடப்பக்கத்தில் இருந்தது. எங்கள் நாட்டு மோட்டார்களில் அது வலப்பக்கம். வலப்பக்கத்தில் நான் கொப்பி அடுக்கை மடியில் வைத்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எதிரே சைக்கிளில் வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு வீதியை விட்டே இறங்கினார்கள். ரீச்சர் கையைக் கட்டிக்கொண்டு மோட்டார் ஓடுகிறா என்று கொக்குவில்வரை கதை போய்விட்டது. என் வகுப்பில் ஒரு வருடம் ஒரு சத்தமும் இல்லை. அந்த ஒன்றுக்காக ஜீப்பை மன்னித்தேன்.

இனி அந்த ஒழுங்கையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒழுங்கை இல்லாமல் இந்தக் கதை இல்லை, மூன்று வருடத் துக்கமும் இல்லை.

அப்பாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள். ஒரே காணியை இரண்டாக்கி, வீதியோடு இருக்கும் முன்பாதியை அக்காவுக்கும், பின்பாதியை எனக்கும் சீதனமாக எழுதினார். என் வீட்டுக்கு வர, அக்காவின் வளவோரமாக ஒரு ஒழுங்கை. அதன் ஒரு பக்கம் கோயில் மதில். அது கல்லு, அசையாது. மறுபக்கம் அக்கா வீட்டு வேலி. அது கிளுவைக் கதியாலும் ஓலைக் கிடுகும், அசையும். சின்ன வயதில் நானும் அக்காவும் அந்த ஒழுங்கையின் குறுக்கே கைகோத்து நின்று போகிறவர்களை மறிப்போம். அக்காவின் மற்றக் கை மதிலில், என் மற்றக் கை கதியாலில். ஒரு மாங்காயாவது தராமல் ஒருவரும் தாண்ட முடியாது.

வேலி வருடம் ஒருமுறை அடைபடும். அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், ஒவ்வொரு அடைப்புக்கும் கதியாலை நாலு விரல் ஒழுங்கைப் பக்கம் தள்ளி நடுகிறார் என்பது என் கணவரின் குற்றச்சாட்டு. கதியால் உயிருள்ள மரம், அது தானாகப் பருக்கிறது, அதற்கு நான் என்ன செய்ய என்பது அத்தானின் பதில். காணி உறுதிப் பத்திரத்தில் ஒழுங்கை எட்டடி என்று எழுதியிருந்தது. நிலத்தில் அளந்தால் ஆறடி இருக்கும். இருவரும் முதலில் வாயால் அளந்தார்கள். பிறகு நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

சீதனக் காணி பெண்ணின் பெயரில் இருப்பது. அதனால் வழக்காளி யார் என்று பார்த்தால், நான். எதிராளி, அக்கா. சண்டை பிடித்த இரண்டு ஆம்பிளைகளும் கடதாசியில் பின்னால் நின்றார்கள். அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் கதைக்கவில்லை. எங்கள் இரண்டு வளவுக்கும் இடையிலிருந்த வேலியில் ஆள் நுழையுமளவுக்கு ஒரு பொட்டு, ஒரு சின்ன வழி, இருந்தது. அதால்தான் கறி போகும், நெருப்பு வரும், ஊர்க்கதை இரண்டு பக்கமும் போகும். அத்தான் அதை இரண்டு வரிச்சுத் தடி வைத்துக் கட்டினார். இந்தப் பக்கத்தில் இவர் இன்னும் இரண்டு வரிச்சு வைத்துக் கட்டினார், யாரும் அவரைக் கேட்காமலே.

அந்த மூன்று வருடத்தில் எனக்கு ஒருமுறை மார்ச்சளிக் காய்ச்சல் வந்து இருபது நாள் பாயோடு கிடந்தேன். ஊரே வந்து பார்த்தது. அக்கா வரவில்லை. வழக்கை விட, ஒழுங்கையை விட, அதுதான் எனக்கு நெஞ்சில் கிடந்தது. எழுந்து நடமாடிய பிறகும் அக்கா வீட்டுப் பக்கம் பார்க்கக்கூடாது என்று ஒரு வைராக்கியம் வைத்திருந்தேன். வைராக்கியம் ஒன்றும் பெரிய விஷயமில்லை, வேலி உயரம், பார்த்தாலும் தெரியாது.

போகட்டும். ஜீப்புக்கு வருகிறேன்.

வாங்கிய நாளிலிருந்து இவர் அதைத் திருத்தத் தொடங்கினார். முதலில் பட்டாளத்துப் பச்சையை மறைக்க, கதவுக்கு அடித்து மிஞ்சிய நீலச் சாயத்தை அடித்தார். முன்பக்கம் இருந்த வெள்ளை நட்சத்திரம் இரண்டு பூச்சுக்குப் பிறகும் தெரிந்தது. அதன்மேல் மூன்று குறி திருநீறு பூசினார். மழை பெய்தால் திருநீறு கரைந்து நட்சத்திரம் வரும், வெயில் வந்தால் இவர் மறுபடி பூசுவார். எங்கள் ஜீப் வெயிலில் சைவம், மழையில் பட்டாளம். பிறகு இருக்கைக்கு இலவம்பஞ்சு மெத்தை. பிறகு அமுக்கினால் வாத்துப்போல் கத்துகிற ஒரு ரப்பர்க் குழல். பின்பக்கத்தில் குலை கட்ட ஒரு கொம்பு வரிசை. அந்தக் கொம்பில் என் இரண்டு சேலை கிழிந்தன.

எனக்குத் தேவையாக இருந்தது ஒன்றே ஒன்று. அதன் துணிக்கூரை கந்தலாகிவிட்டது. மாரி வந்தால் பள்ளிக்கூடத்துக்கு நனைந்த கோழியாய்ப் போய் இறங்குவேன். வெயிலென்றால் தலையில் புழுதி, சேலையில் வாழைக்கறை.

"இஞ்சாருங்கோ, மழைக்கு ஒரு கூரை போட்டால் காணும்" என்றேன்.

நான் கூரை கேட்டேன். அவர் வீடு கட்டினார்.

ஆசாரியாரைக் கூப்பிட்டார். அவர் எங்கள் பக்கத்தில் பேர்போன கை. வீட்டுக் கூரை, கூடார வண்டில், கோயில் வாகனம் எல்லாம் செய்தவர். ஜீப் செய்ததில்லை. அவர் முழக்கோலை வைத்து ஜீப்பின் அகலத்தை அளந்தார். ஐந்தடி இரண்டங்குலம் வந்தது. முகத்தைச் சுளித்தார்.

"இது ஆகாத அளவு, தம்பி. ஆறடிக்குக் கீழை ஆள் குடியிருக்கப்படாது."

"குடியிருக்கிறேல்லை, போறது வாறதுதானே" என்றேன் நான்.

"பிள்ளை, கூரைக்குக் கீழை மனுசர் இருந்தால் அது மனை" என்றார் ஆசாரியார். "ஆறடி நல்லது. ஏழு தரித்திரம். எட்டு எண்டால் இன்னும் நல்லது, ஆனா அது கொஞ்சம் பெரிசு."

எட்டடி அகலத்தில் ஜீப் செய்யாமல் விட்டதற்கு நான் அந்த மனிதருக்கு இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன். மனையளவு உள்ளளவாகத்தான் பார்க்கவேண்டுமாம், சுவரின் தடிப்பு கணக்கில் இல்லை. ஆகவே உள்ளே ஆறடி, பலகையோடு வெளியே ஆறரை அடிக்கு மேல். வேலை தொடங்குமுன் ஆசாரியார் நல்ல கேள்வி ஒன்று கேட்டார்.

"தம்பி, ஒழுங்கை எத்தினை அடி?"

என் கணவர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

"எட்டடி. உறுதியிலை இருக்கு."

நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்தார். எனக்கு விளங்கியது. ஆறடி என்று சொன்னால், அதுவும் வெளி ஆளுக்கு முன்னால் சொன்னால், வழக்கைக் கையால் கொடுத்தது மாதிரி. அவருக்கு ஒழுங்கை எட்டடிதான். கண்ணுக்கு ஆறடியாகத் தெரிந்தால் அது கண்ணின் குற்றம். நானும் வாயை மூடினேன். அந்தப் பிழையில் எனக்கும் பாதிப் பங்கு.

முற்றத்திலேயே ஒரு மாதம் வேலை நடந்தது. மகிழ மரச் சட்டம், இடுக்கெல்லாம் தார் பூசிய வேப்பம்பலகை, பக்கத்தில் தள்ளித் திறக்கிற சன்னல், மேலே பனையோலைப் பின்னலுக்கு மேல் தார்த்துணி. ஆசாரியார் கை சும்மா இருக்காமல் இரண்டு கதவிலும் ஒவ்வொரு தாமரையும் செதுக்கினார். பார்க்க உண்மையிலேயே அழகாக இருந்தது. நல்ல நேரம் பார்த்து, தேங்காய் உடைத்து, சில்லுக்குத் தேசிக்காய் வைத்து, இவர் ஏறி ஓட்டினார். படலையைத் தாண்டி ஒழுங்கைக்குள் மூக்கை வைத்தார். வலப்பக்கம் மதிலில் கிரீச் என்றது. இடப்பக்கம் கதியாலில் படார் என்றது. ஜீப் நின்றது.

இவர் இறங்கவில்லை. வளையத்தைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு இருந்தார். கடைசியில் பின்னால் எடுத்து முற்றத்தில் விட்டார்.

வேலியை வெட்டலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். முடியாது. அத்தான் இன்னும் தள்ளி நட்டுவிடுவார் என்ற பயத்தில், தீர்ப்பு வரும்வரை அந்த வேலியில் ஒருவரும் கை வைக்கக்கூடாது, வைத்தால் சிறையில் மறியல் என்று நீதிமன்றத்தில் கட்டளை வாங்கி வைத்திருந்தவர் என் கணவரேதான். மதில் கடவுளுடையது, வேலி நீதிபதியுடையது. பலகையைக் கழற்றலாமே என்று ஆசாரியாரைக் கேட்டோம். குடிபூந்த மனையை உடனே இடித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு அவர் கொடிகாமத்துக்கு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் அத்தான் தன் வளவுக்குள் வேலியோரமாக ஒரு சாய்மனைக் கதிரையைக் கொண்டுவந்து போட்டார். கிடுகின் இடுக்கால் அவருடைய சுருட்டுப் புகை எங்கள் பக்கம் வந்தது. ஒரு சொல் பேசவில்லை. புகை மட்டும் விட்டார். மூன்று கிழமை, காலையும் மாலையும். இவர் வாழைக்குலையைத் தோளில் சுமந்துகொண்டு அந்தப் புகைக்குள்ளால் போய் வந்தார். நான் பஸ்ஸில் போனேன். ஜீப்புக்குள் எங்கள் சிவப்புக் கோழி அடைகாக்க உட்கார்ந்தது. ஆறடி உள்ளளவு அதற்குப் பிடித்துக்கொண்டது.

அந்த வருடக் கார்த்திகை மழை வழக்கு நாளையும் சேர்த்துக்கொண்டு வந்தது. நாலு நாள் விடாமல் ஊற்றியது. ஐந்தாம் நாள் எங்கள் வழக்கு. சாட்சி சொல்ல நானும் அக்காவும் நேரில் வரவேண்டும். வழக்காளி வராவிட்டால் வழக்குத் தள்ளுபடி. எதிராளி வராவிட்டால் அவள் இல்லாமலே தீர்ப்பு. விடியவே பஸ் ஓடவில்லை என்று தெரிந்தது. கோப்பாய்ப் பக்கத்தில் வீதி எது வயல் எது என்று தெரியாமல் வெள்ளமாம். வண்டில்காரர் மாட்டை அவிழ்க்கவே மாட்டேன் என்றுவிட்டார். அந்தத் தண்ணீரில் போகக்கூடியது ஊரில் ஒன்றே ஒன்று. அது எங்கள் முற்றத்தில் முட்டையோடு நின்றது.

இவர் ஒழுங்கை வேலிக்கு இந்தப் பக்கம் குடையோடு நின்றார். அத்தான் அந்தப் பக்கம் தலையில் சாக்கோடு நின்றார். இருவருக்கும் பேச்சு இல்லை. ஆகவே இவர் என்னைப் பார்த்து, ஆனால் வேலிக்குக் கேட்கும்படி சொன்னார்.

"இஞ்சாரும், ஜீப் வெளியாலை போனால் நாலு பேர் போகலாம் எண்டு சொல்லும்."

அந்தப் பக்கத்திலிருந்து அத்தானின் குரல், அக்காவுக்குச் சொல்வதுபோல்: "வேலியைத் தொட்டால் மறியல் எண்டு கட்டளை வாங்கினது ஆர் எண்டு கேளும்."

"தொடாட்டி இரண்டு பேரும் வீட்டிலை இருந்து தோக்கலாம் எண்டு சொல்லும்."

"தோக்கிறதெண்டால் முதல் ஆர் தோக்கிறது எண்டு கேளும்."

நான் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் அக்காவும் சொல்லவில்லை. மழை மட்டும் பெய்தது. திடீரென்று எனக்கு முன்னால் கிடுகுக்குள்ளால் ஒரு கத்தி முனை வந்தது. கீழிருந்து மேலாக ஒரு இழுப்பு. கட்டு அறுந்தது. இன்னொரு இழுப்பு. கிடுகு சரிந்து விழுந்தது. அக்கா நின்றாள். இடுப்பில் சேலையைச் செருகி, கையில் கொடுவாக்கத்தி, தலையெல்லாம் நனைந்து. மூன்று வருடத்துக்குப் பிறகு அவளை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். கன்னப்பொறியில் நரைத்திருந்தது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு ஆம்பிளைகளையும் பார்த்தாள்.

"வெள்ளம் கொண்டு போச்சு எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அந்தப் பொய்தான். பிறகு நடந்தது மிக வேகம். நனைந்த மண்ணில் கதியால் இலகுவாக அசைந்தது. ஜீப்பில் கயிறு கட்டி, வீதிவரைக்கும் வேலியை அடியோடு பிடுங்கினார்கள். "கொஞ்சம் பின்னாலை, தம்பி!" என்று அத்தானும், "கையைப் பாருங்கோ, அண்ணை!" என்று இவரும் கத்தியது எனக்குக் கேட்டது. பேச்சு இல்லாததை இருவரும் மறந்துவிட்டார்கள். கோழியையும் முட்டையையும் ஒரு கடகத்தில் இறக்கி வைத்தேன்.

ஆம்பிளைகள் முன்னால், நானும் அக்காவும் பின்னால். நடுவில் ஆறடி மனையின் நல்ல இடைவெளி. அவள் அந்த ஓரம், நான் இந்த ஓரம்.

கோப்பாய் தாண்டியதும் தண்ணீர் சில்லின் நடுவரை வந்தது. இவர் நிறுத்தி, முன்மூடியைத் திறந்து, விசிறியைச் சுற்றுகிற வாரைக் கழற்றினார். விசிறி சுற்றினால் தண்ணீரை அள்ளி இயந்திரத்தில் அடிக்குமாம். வாரை மாலையாகக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து ஏறினார். மாப்பிள்ளை மாதிரி இருந்தது. பிறகு வீதியை விட்டு இறக்கி, பனங்கூடல் மேட்டோரமாக ஓட்டினார். நாலு சில்லும் சேர்ந்து இழுத்தன. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எனக்கு என் புருஷனில் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை ஒரு பத்துக் கஜ தூரம் நீடித்தது.

பள்ளத்தில் இறங்கியதும் ஆசாரியாரின் பலகை தன் குணத்தைக் காட்டியது. இரும்பாக மட்டும் இருந்திருந்தால் ஜீப் நிலத்தில் நின்றிருக்கும். இது மரம், பெட்டி, தாருக்குள் அடைத்தது. மிதந்தது. சில்லு நிலத்தை விட்டது. எங்கள் மனை மெல்லத் திரும்பி, வயலைப் பார்த்துக்கொண்டு வடக்கே போகத் தொடங்கியது. இரண்டு சகலன்களும் வேட்டியைத் தூக்கிக்கட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் குதித்தார்கள். நெஞ்சளவு தண்ணீரில் நின்று, ஆளுக்கொரு தாமரைக் கதவைப் பிடித்துக்கொண்டு இழுத்தார்கள்.

அக்காவுக்குத் தண்ணீர் என்றால் பயம். கேணியில்கூட இரண்டாம் படிக்குக் கீழே இறங்கமாட்டாள். ஆறடியையும் ஒரே எட்டில் தாண்டி வந்து என் கையைப் பிடித்தாள். அந்தப் பிடியில் என் இரண்டு வளையல் உடைந்தன.

"உன்ரை மனுசன் என்னடி, தோணியே ஓட்டுறார்?" என்றாள்.

மூன்று வருடத்துக்குப் பிறகு அக்கா என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான். நான் சிரிக்கத் தொடங்கினேன். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதேன். பிறகு கேட்டே விட்டேன்.

"நான் சாகக் கிடந்தனான். நீ வரேல்லை."

அவள் கையை விடவில்லை. சன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "விடியப்புறம் ஒழுங்கைப் பக்கம் வந்து வேலியோடை நிப்பன். நீ இருமுறது கேக்கும். இருமல் கேட்டால் சரி, இருக்கிறாள் எண்டு போவன். ஒருநாள் கேக்கேல்லை. அண்டைக்கு மத்தியானம்வரை அந்த இடத்திலையே நிண்டனான். பிறகு நீ தண்ணி கேட்ட சத்தம் வந்துது."

இருபது நாளும் அவள் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்க, நான் இந்தப் பக்கம் அவளைத் திட்டிக்கொண்டு கிடந்திருக்கிறேன். எட்டடிக்காக.

நீதிமன்றத்துக்கு நனைந்து சேறாகிப் போய்ச் சேர்ந்தோம். நீதிபதி வரவில்லை. வெள்ளம். வழக்கு மாசி மாதத்துக்குத் தவணை போடப்பட்டது. எங்களுக்கு வாதாடுகிற அப்புக்காத்தரும் அவர்களுடைய அப்புக்காத்தரும் ஒரே சுவரில் சாய்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றார்கள். வேலி போய்விட்டது என்று கேட்டதும் இருவரும் கோப்பையைக் கீழே வைத்தார்கள். கட்டளையை மீறினால் இரண்டு பக்கத்துக்கும் மறியல், ஆகவே ஒருவர் கண்ணிலும் படுமுன் வேலியை இருந்த இடத்திலேயே கொண்டுபோய் நடுங்கள் என்று, எதிரெதிர்க் கட்சி அப்புக்காத்தர் இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

தண்ணீர் வற்றிய பிறகு இருந்த இடத்தைத் தேடினோம். கதியால் நின்ற குழி எல்லாம் சேறு மூடி ஒரே சமன். இரண்டு ஆம்பிளைகளும் கையில் கதியாலோடு நின்றார்கள். முதலில் நடுகிறவன் எங்கே நடுகிறானோ அதுவே அவன் வாக்குமூலம் ஆகிவிடும் என்று இருவருக்கும் தெரியும். நீங்கள் நடுங்கோ அண்ணை என்றார் இவர். இல்லைத் தம்பி நீர் நடும் என்றார் அத்தான். மரியாதை அந்த அளவுக்கு எங்கள் வீட்டில் என்றும் இருந்ததில்லை.

அக்கா குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பார்த்தாள். மதிலருகே போய் ஒரு கையை அதில் வைத்தாள். மற்றக் கையை என்னை நோக்கி நீட்டினாள்.

"வாடி."

நான் போய்ப் பிடித்தேன். மற்றக் கையை நீட்டினேன். சின்ன வயதில் அந்தக் கை கதியாலில் முட்டும். இப்போது இருவரும் வளர்ந்துவிட்டோம். அக்கா அகலத்திலும் வளர்ந்திருந்தாள், ஆனால் கையின் நீளத்தைத்தான் சொல்கிறேன். என் விரல் முனை அக்காவின் வளவுக்குள், அவளுடைய மிளகாய்ப் பாத்திக்கு மேல் நின்றது.

"அந்த விரலுக்குக் கீழை நடுங்கோ" என்றாள் அக்கா, தன் புருஷனைப் பார்த்து. "அப்பா விட்ட ஒழுங்கை இதுதான். நாங்கள் மறிச்சு நிண்டு அளந்தது."

அத்தான் என் விரலைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கொஞ்ச நேரம் சுருட்டைத் தேடினார். பிறகு குழி தோண்டத் தொடங்கினார். என் கணவர் முழக்கோலை எடுத்து அளந்தார். பத்தடி. மூன்று வருடம் எட்டடிக்காகச் சண்டை பிடித்த மனிதர், பத்தடியைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டார்.

"இது கூட, அண்ணை. உறுதியிலை எட்டுத்தான். இரண்டடி உங்கடை பக்கம் தள்ளி நடுங்கோ."

"மனுசி குடுத்திட்டாள். குடுத்ததை நான் திருப்பி எடுக்கமாட்டன்" என்றார் அத்தான்.

"நான் மற்றவையின்ரை காணியிலை ஜீப் ஓட்டமாட்டன்."

"நீர் ஓட்டாட்டி நடந்து போம். வேலி இதிலைதான்."

அப்படித் தொடங்கியது அடுத்த சண்டை. இந்தமுறை ஆளுக்கு ஆள் நிலத்தைத் தள்ளிவிட்டார்கள். அன்று பின்னேரம் எட்டடியில் ஒரு வரிசைக் கதியாலை இவரும், பத்தடியில் ஒரு வரிசையை அத்தானும் நட்டார்கள். நடுவில் இரண்டடி, யாருக்கும் வேண்டாமல் கிடந்தது. மாசியில் தவணைக்கு ஒருவரும் போகவில்லை. வழக்குத் தள்ளுபடி ஆகிவிட்டதாக அப்புக்காத்தர் ஒரு கடதாசி அனுப்பினார். அந்த இரண்டடியில் அக்கா பொன்னாங்காணி போட்டாள். பாதி எனக்கு.

ஜீப் எட்டடிக்குள்ளால் தாராளமாகப் போனது. மிதந்தபிறகு பலகை கொஞ்சம் ஊதி, சன்னல் தள்ளினால் திறக்காமல் போனது. அதைத் தவிர ஒரு குறையும் இல்லை. திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டேன். ஒழுங்கையில் அக்கா வீட்டுக் குசினி நேரே வந்ததும், சளி கிளி ஒன்றும் இல்லாமல், நான் வேண்டுமென்றே ஒருமுறை இருமினேன்.

சட்டி கழுவுகிற சத்தம் நின்றது.

"கேட்டுது, கேட்டுது" என்றாள் அக்கா உள்ளேயிருந்து. "மணி அடிக்கப்போகுது, ஓடு."